ஆறு கியூவும் ஒரு தலைத்துணியும்

1. துணி

எல்லாரும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதுவார்கள். நான் வேலையை விட்ட நாளிலிருந்து தொடங்குகிறேன். என் முட்டாள்தனம் முழு உருவத்தில் தெரிந்தது அன்றுதான்.

எண்பதுகளின் நடுவில் அது. கோலா சிலாங்கூரில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், மேசை நாற்காலிப் பட்டறையில் ஆறு வருடம் ஸ்ப்ரே அடித்தேன். மரத்துளையை அடைக்க முதலில் சீலர், அதன்மேல் பளபளப்புக்குக் கிளியர். வேலைச் சுத்தக்காரன் என்று பெயர். தவுக்கேயிடம் ஒரு சட்டம் இருந்தது. ஸ்ப்ரே அறைக்குள் போகும்முன் நான் தோள் துண்டை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, தலையில் துணி கட்ட வேண்டும். கூட வேலை செய்த சீன ஆட்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "அவங்களுக்கு இல்லாத துணி எனக்கு மட்டும் எதுக்கு தவுக்கே?"

தவுக்கே பேசுவது பாசார் மலாய், சந்தையில் புழங்கும் உடைந்த மலாய். எனக்கு ஞாபகத்தில் தமிழாகத்தான் நிற்கிறது. "அவன் தலையில ஒண்ணும் இல்ல லா. உன் தலையில வடை சுடலாம்."

பட்டறையே சிரித்தது. தினம் காலையில் ஒரு கை தேங்காய் எண்ணெய் வைத்து, காதோரம் வழிய வழிய வாரிக்கொண்டு போகிறவன் நான். எஸ்டேட்டில் அதற்குப் பெயர் லட்சணம். இந்த ஆள் நம் இனத்தையே கேலி செய்கிறான் என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துணியை அவிழ்த்து அவன் காலடியில் வீசினேன். "செத்தாலும் இனிமே என் தலையில துணி ஏறாது!"

தவுக்கே குனிந்து அதை எடுத்து உதறினான். "பரவால்ல. தொவச்சு வைக்கிறேன். திரும்பி வருவ, அப்ப வேணும்."

2. சொந்தப் பட்டறை

பத்தாங் பெர்சுந்தை பக்கத்து ரப்பர் எஸ்டேட்டின் லயத்து வரிசையில் எங்கள் வீடு. என் மனைவி சரசு பால் மரம் வெட்டுகிறவள். நான் வேலையை விட்ட செய்தியைக் கேட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "நல்லது. ரோஷத்த வடிச்சு ராத்திரிக்கு ஊத்துறேன், சாப்புடுங்க" என்றாள்.

வீட்டின் பின்னால் இருந்த பழைய விறகுக் கொட்டகைதான் என் பட்டறை ஆயிற்று. நாலு பக்கமும் தார்ப்பாய். பூச்சி விழாமல் இருக்கக் கொசுவலை. தூசு எழும்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர். டயர் கடைக்காரன் கழித்துப் போட்ட கம்ப்ரஸர் ஒன்று, இருமிக்கொண்டே ஓடும். கியூவின், அதாவது ஸ்நூக்கர் ஆடும் கம்பின், அடியில் கொக்கி திருகி, மீன் பிடிக்கிற நைலான் நூலில் உத்திரத்திலிருந்து தொங்கவிடுவேன். கம்பு சுற்றச் சுற்ற ஸ்ப்ரே கன்னை மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் இறக்க வேண்டும். அதற்கு முன்னால் மணல் தாள் தேய்ப்பு, பிறகு தோள் துண்டால் அழுத்தி ஒரு துடைப்பு. மழைக்கு முந்திய காற்றில் அடித்தால் கிளியர் வெள்ளை பூத்துவிடும் என்பதால் வேலை எல்லாம் காலையில். பார்த்தீர்களா, எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது!

ஏன் கியூ என்றால், அப்போது தெருவுக்குத் தெரு ஸ்நூக்கர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. தஞ்சோங் காராங்கில் சென்டர் வைத்திருந்த ஹமீது பாய் ஆறு பழைய கியூவைக் கொண்டுவந்து போட்டார்.

"சனிக்கிழம எங்கிட்ட போட்டி நடக்குது. அதுக்குள்ள கண்ணாடி மாதிரி வேணும். நல்லா வந்தா சென்டர் வேல பூரா உனக்கு. கெட்டுச்சுன்னா தவுக்கேகிட்ட குடுத்துருவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

தவுக்கேயிடமா? ஆறு கியூவும் அங்கே போனால், பின்னாலேயே நானும் போக வேண்டியதுதான். துவைத்த துணி காத்துக்கொண்டிருக்கும்.

3. குழி

திங்கட்கிழமை அடித்தேன். கிளியர் விழுந்த மறுகணமே, அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழி, ஆறு கியூவிலும். தொழிலில் இதற்கு ஃபிஷ் ஐ என்று பெயர். எங்கேயோ எண்ணெய் பட்டிருக்கிறது, கிளியர் அதில் ஒட்டாமல் விலகுகிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்ததுதான் வினை.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று உலகமெல்லாம் தேடினேன். கம்ப்ரஸரைத் திறந்து துடைத்தேன். ஹோஸை மாற்றினேன். கிளியரைக் கரைக்கும் தின்னரில் கலப்படம் என்று செகிஞ்சான் வரை பஸ் ஏறிப் போய்க் கடைக்காரனோடு சண்டை போட்டேன். அந்த மனிதன் பாவம், இன்னொரு டின் சும்மாவே கொடுத்தான். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, புதன்கிழமை மறுபடி அடித்தேன். அதே குழி.

ஆறு வருடத்தில் தவுக்கே பட்டறையில் என் கையால் ஒரு ஃபிஷ் ஐ விழுந்ததில்லை. இங்கே வந்ததும் விழுகிறது. இதிலிருந்து புத்தியுள்ளவன் என்ன முடிவுக்கு வருவான்? நான் வந்த முடிவு, தவுக்கே எனக்குச் சூனியம் வைத்துவிட்டான்.

4. பூசாரி

வெள்ளிக்கிழமை காலை எஸ்டேட் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தேன். மறுநாள் போட்டி. மழை வேறு கறுத்துக்கொண்டிருந்தது. ஐந்து கியூவைத் துடைத்து முடித்தபோது பூசாரி கூப்பிட்டார். "சரசு, கடைசி கியூவ நீ தொடச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

பூசாரி எலுமிச்சம்பழம் சுற்றினார், வேப்பிலை அடித்தார். கற்பூரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்ததும் சரசு ஓடிவந்து மறித்தாள். "உள்ள தின்னர் இருக்கு சாமி! சூனியத்த எடுக்கிறேன்னு லயத்தையே கொளுத்திறாதீங்க!"

பூஜை முடிந்த கையோடு அடித்தேன். ஐந்தில் குழி. ஒன்றில் மட்டும் என் முகம் தெரிந்தது.

பூசாரி அசரவே இல்லை. "பாத்தியா? ஒண்ணுல எறங்கிருச்சு. அஞ்சுல கெட்டியா புடிச்சிருக்கு. ஒரு சேவல் வேணும்."

நான் சேவலுக்கு எழுந்தே விட்டேன். அப்போதுதான் சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "அந்த ஒண்ணு நான் தொடச்சது. வெந்நியில தொவச்ச புள்ளத் துணியில. நீங்க எதுல தொடச்சீங்க?"

என் தோளிலிருந்த துண்டை உருவினாள். பழைய பேப்பரில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். துண்டை எடுத்தால், பேப்பரில் கண்ணாடி மாதிரி எண்ணெய்ப் பட்டை, அடியிலிருந்த எழுத்தெல்லாம் தெரிகிறது.

"மோந்து பாருங்க" என்றாள்.

மோந்தேன். தேங்காய் எண்ணெய். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவான் என்பார்கள். நான் தலையிலேயே எண்ணெயை வைத்துக்கொண்டு செகிஞ்சான் வரை அலைந்திருக்கிறேன். பூசாரி மெதுவாக எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்ப நா வர்றேன்" என்று நழுவினார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

அழ நேரமில்லை. பானைத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினேன். சரசு ஐந்து கியூவையும் என்னோடு சேர்ந்து தேய்த்தாள், துடைத்தாள். பிறகு காய்ந்த பிள்ளைத் துணி ஒன்றை என் தலையில் அவளே இறுக்கிக் கட்டினாள். நல்லவேளையாக மழை செகிஞ்சான் பக்கமே நின்றுவிட்டது. கிளியர் விழுந்தது. ஐந்திலும் ஒரு குழி இல்லை.

5. துவைத்த துணி

ஹமீது பாய் கியூக்களை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேக்கில இன்னும் பதினாலு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். போட்டியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் லயத்து முன்னால் ஒரு லோரி நின்றது. தவுக்கே இறங்கினான். ஹமீது பாய் சொல்லித்தான் வந்திருக்கிறான். கொட்டகை வாசலில் நான், கையில் கன், தலையில் பூப்போட்ட பிள்ளைத் துணி. ஒளிவதற்கு இடமில்லை.

தவுக்கே சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்து, தொங்கிய கியூ ஒன்றை நகத்தால் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து நீட்டினான். என் பழைய தலைத்துணி. துவைத்து, இஸ்திரி போட்டிருந்தான்.

"ஏன் தவுக்கே, தலை எண்ணெ துண்டு வழியா மரத்துல ஏறும்னு அன்னைக்கே ஒழுங்கா சொல்லியிருக்கலாம்ல?"

"ஆறு வருஷம் தெனம் சொன்னேன் லா. நீ ஒன்னைத் திட்டுறேன்னே கேட்ட." லோரியில் ஏறும்போது தவுக்கே திரும்பினான். "எங்கிட்ட கட்டுனா அவமானம். சொந்தக் கடையில கட்டுனா ஸ்டைலா?"

தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கிளியர் குழி விழுந்தால் கம்ப்ரஸரைத் திறக்காதே, கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதே, பூசாரியைக் கூப்பிடாதே. முதலில் உன் துண்டை மோந்து பார்.