ஜாம்பியாவுக்கு அடி அண்ணாமலை கொடுத்த அன்பளிப்பு

1. போன்

சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து டைரக்டர் மேடம் போன் செய்தார். "ஏழுமலை, இந்த மாசக் கடைசிக்குள்ள ஐந்நூறு கையெழுத்து வந்தாகணும். இல்லேன்னா திருவண்ணாமலை யூனிட்டை மூடறதைத் தவிர வேற வழியில்லை."

யூனிட் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடி அறை, ஒரு ஃபேன், அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பரிமளா, நான். மூடினால் எங்கள் இருவருக்கும் வேலை போகும். பரிமளா வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இருபது வருடமாக நான் கற்றிருந்த ஒரே தொழில், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பது. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு சன்னதித் தெருவில் ஒரு லாட்ஜில்கூட ரிசப்ஷனில் உட்கார முடியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடு கடன் வாங்கினால் வட்டி கம்மி. ஏழை நாடு வாங்கினால் ஜாஸ்தி. கட்ட முடியாமல் திணறினால் இன்னொரு கடன் கொடுப்பார்கள். கூடவே நிபந்தனைகள் வரும்: ஆஸ்பத்திரிச் செலவைக் குறை, வாத்தியார் சம்பளத்தைக் குறை. இதை மாற்றச் சொல்லி, கடன் கொடுக்கும் உலக அமைப்புகளில் ஓட்டு உள்ள நம் நிதி அமைச்சருக்கு மனு அனுப்ப வேண்டும். அந்த மனுவுக்குத்தான் கையெழுத்து.

பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டுப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு விவசாயி ஜாம்பியா நாட்டின் கடனைப் பற்றிய என் நோட்டீஸை முழுதாகப் படித்தார். நம்பிக்கையோடு பேனாவை நீட்டினேன்.

"ஜாம்பியா எந்தப் பக்கம் வருது, செங்கம் பக்கமா?"

"ஆப்பிரிக்காங்க."

"அவ்ளோ தூரம் கவலப்படறியே, உனக்கு வூட்ல ஒண்ணும் வேல இல்லியா நைனா?"

பஸ் வந்ததும் சீட்டைத் துடைக்க என் நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஏறினார். கிரிவலப் பாதையிலும் கொடுத்தேன். பௌர்ணமி அன்று லட்சம் பேர் நடக்கிற பாதை. மறுநாள் காலையில் ஜாம்பியாவின் கண்ணீர்க் கதை மேல் சுண்டல் எண்ணெய் படிந்து பாதையெங்கும் கிடந்தது.

2. வட்டிராஜன் அவதாரம்

"சார், கூத்து வெக்கலாம்" என்றார் பரிமளா. நல்ல யோசனை. எங்கள் மாவட்டத்தில் கூத்து என்றால் கூட்டம் தானாக வரும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஜமா என்று சொல்லும் கூத்துக் குழு ஒன்றைப் பேசினோம். விடிய விடிய வேண்டாம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் போதும் என்றதும் கூத்து வாத்தியார் முகம் சுளித்தார். "ரெண்டு மணி நேரத்துல எங்க ஆளுங்க மொகத்துக்குப் பவுடர்தான் சார் பூசுவாங்க." அட்வான்ஸைக் கொடுத்ததும் சம்மதித்தார்.

கதையை நான் எழுதினேன். தாமிரம் தோண்டும் தேசத்தின் மகாராணி ஜாம்பியா தேவி கடன்பட்டுக் கலங்குகிறாள். கடன் கொடுத்த வட்டிராஜன் வந்து மிரட்டுகிறான். முடிவில் கட்டியக்காரன், அதாவது கூத்தில் எல்லோரையும் கலாய்க்கும் கோமாளி, ஜனங்களைப் பார்த்து மனுவில் கையெழுத்துக் கேட்கிறான். ஜாம்பியா தேவியாகப் பெண் வேஷம் கட்ட முனுசாமி இருந்தார். வட்டிராஜன் வேஷக்காரர் மட்டும் சென்ட்ரிங் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார்.

வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களே கட்டிடுங்க சார். வயித்துக்குத் துணி வெச்சிக் கட்ற வேல மிச்சம்."

கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. அது பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பதை யாரும் யோசிக்கவில்லை. பௌர்ணமி முடிந்தால் அந்த ஊரில் டீக்கடை முதல் இளநீர்க் கடை வரை எல்லோர் கையிலும் கொஞ்சம் காசு புழங்கும்.

3. அன்பளிப்பு

டைரக்டர் மேடம் காரில் வந்து முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்செட் சத்தார் பாய் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

முனுசாமி அழுதாரே அழுகை. "ஆஸ்பத்திரியில மருந்து இல்லியே, பள்ளிக்கூடத்துல கூரை இல்லியே, வந்த துட்டெல்லாம் வட்டிக்கே போகுதே" என்று பாடியபோது, கதை எழுதிய எனக்கே திரைக்குப் பின்னால் கண்ணில் நீர் வந்தது. கிரீடம் இறுக்கியதும் ஒரு காரணம்.

அப்போதுதான் நான் மறந்துபோன வழக்கம் ஒன்று மேடை ஏறியது. எங்கள் பக்கத்துக் கூத்தில் வேஷக்காரர் உருக்கமாகப் பாடினால் ஜனங்கள் மேடைக்கு வந்து நெஞ்சில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். மைக்கில் பெயர் சொல்ல வேண்டும். இட்லிக்கடை பச்சையம்மா முதலில் வந்து ஐம்பது ரூபாய் குத்தினார். முனுசாமி வழக்கம்போலக் கும்பிட்டார்.

"உனுக்கு இல்லபா" என்றார் பச்சையம்மா. "அந்த நாட்டுக் கடன அடைக்கச் சொல்லு."

சத்தார் பாய் மைக்கைப் பிடித்தார். "அடி அண்ணாமலை இட்லிக்கடை பச்சையம்மாள் அவர்கள், ஜாம்பியா நாட்டுக் கடனுக்கு அன்பளிப்பு ரூபாய் ஐம்பது."

அவ்வளவுதான், ஊர் எழுந்து வந்தது. இளநீர்க் கடைக்காரர் நூறு கொடுத்தார். அவர் பெயரை மைக்கில் கேட்டதும் எதிர்க்கடைக்காரர் நூற்று ஒன்று கொடுத்தார். சத்தார் பாயும் பொறுக்க முடியாமல் தன் பாக்கெட்டிலிருந்து இருபது ரூபாய் எடுத்துத் தன் பெயரைத் தானே அறிவித்துக்கொண்டார். ஜாம்பியா தேவியின் ரவிக்கை தெரியாத அளவுக்கு நோட்டு.

டைரக்டர் மேடம் திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். "ஏழுமலை, ஸ்டாப் இட். இது சாரிட்டி. நாம கேக்கறது ஜஸ்டிஸ். ரசீது இல்லாம காசு வேற வாங்கறீங்க."

"நான் இன்னும் மேடைக்கே போகலீங்க மேடம்."

பரிமளா மனுவை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். போன வேகத்திலேயே திரும்பினார். "ஒருத்தரும் போட மாட்றாங்க சார். 'காசே குடுத்தாச்சி, அப்பறம் கையெழுத்து எதுக்கு'ன்னு கேக்கறாங்க."

தர்மம் செய்த திருப்தியில் ஊர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. ஜாம்பியா விவகாரம் அவர்களைப் பொறுத்தவரை தீர்ந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் மாடி அறைக்குப் பூட்டு தெரிந்தது.

4. வரவு

என் முறை வந்தது. மேடை ஏறி, கதையில் எழுதியபடி மிரட்டினேன். ஆனால் கதையில் ஜாம்பியாவிடம் காசே கிடையாது. இங்கே நெஞ்சு நிறைய இருக்கிறது. அடுத்த வசனம் தெரியாமல் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

கட்டியக்காரன் பக்கத்தில் வந்தான். "ராஜா, அம்மாகிட்ட துட்டு வந்துகினு கீது. வேடிக்க பாத்துகினு நிக்கறியே, நீயெல்லாம் ஒரு வட்டிக்கடக்காரனா?"

வேறு வழி தெரியாமல் கையை நீட்டினேன். முனுசாமி நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் வைத்தார். கடைசி நோட்டும் வந்ததும் கட்டியக்காரன் கேட்டான்: "இன்னும் எவ்ளோ பாக்கி ராஜா?"

"இது வட்டிக்கே பத்தாது. அசல் அப்படியே இருக்கிறது" என்றேன். அந்த ஒரு வசனம்தான் எனக்கு மனப்பாடம்.

கூட்டம் என் கையையே பார்த்தது. பிறகு பச்சையம்மா எழுந்தார். "எதுக்குய்யா நீ எடுக்கற? நாங்க குடுத்தது அந்தப் பொம்பளைக்கு."

"அக்கா, இது கூத்துக்கா" என்று வேஷத்தைக் கலைத்து மெதுவாகச் சொன்னேன்.

"கூத்து பொய்யி. துட்டு நெசம்தானே? கீழ வையி."

இளநீர்க் கடைக்காரர் மேடை ஏறினார், கையில் அரிவாள் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன். எதிர்க்கடைக்காரரும் ஏறினார். அந்த இருவரும் ஒரே பக்கம் நின்றதை ஊர் அன்றுதான் பார்த்ததாம். யாரோ என் கிரீடத்தைப் பிடுங்கினார்கள். ஒட்டுமீசை பாதி போயிற்று, அதோடு என் சொந்த மீசையிலும் கொஞ்சம்.

கட்டியக்காரன் நடுவில் புகுந்தான். "இவர வுட்ருங்க. இவரு எடுபிடி. நீங்க எவ்ளோ குத்துனாலும் மொதல்ல கடன் குடுத்தவங்க பைக்குத்தான் போவும். இத மாத்த மேல இருக்கறவங்களுக்கு மனு போவணும். அந்த அம்மா கையில கீது பாருங்க, அதுல போடுங்க."

ஊரே பரிமளாவைச் சூழ்ந்தது. எல்லோரும் சர்வதேசக் கடன் கொள்கையைப் புரிந்துகொண்டு போட்டார்கள் என்று மேடம் பிறகு ரிப்போர்ட்டில் எழுதினார். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் என் மேல் இருந்த கோபத்தில் போட்டார்கள். சிலர் பக்கத்திலேயே தங்கள் தெருவுக்குக் குடிதண்ணீரும் கேட்டிருந்தார்கள். ஐந்நூறு தாண்டியது.

காசைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம். ஒருவரும் வாங்கவில்லை. "மைக்ல பேர் சொல்லியாச்சி, திரும்ப வாங்குனா அசிங்கம்" என்றார் எதிர்க்கடைக்காரர். கடைசியில் மனுவை டெல்லிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பும் செலவுக்கு அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார் பச்சையம்மா. ஜாம்பியா தேவியே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று முனுசாமியை முறைத்தபடி.

5. நிபந்தனைகள்

யூனிட் பிழைத்தது என்று பரிமளா ஆபீஸில் ஸ்வீட் கொடுத்த வாரமே ஹெட் ஆபீஸ் மெயில் வந்தது. யூனிட் இன்னும் ஒரு வருடம் தொடரும். ஆனால் சம்பளத்தில் கால்வாசி குறையும், ஃபீல்டு விசிட்டுக்குப் பஸ், சாப்பாட்டுப் படியான டிஏ கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிவியூ உண்டு. சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பவும்.

பரிமளா இரண்டு முறை படித்தார். "சார், இதத்தானே சார் நாம எதுக்கறோம்?"

"நாம எதுக்கறது வெளிநாட்டுக்காரங்க பண்றதம்மா."

"கிண்டல் பண்ணாதீங்க சார். போடறதா வேணாமா?"

பேனா மூடியைத் திறந்தேன். ஏதோ ஒரு நாட்டு அமைச்சர் இப்படிப்பட்ட பேப்பரில் கையெழுத்துப் போட்ட செய்தி வரும்போதெல்லாம், ஒன்று அவர் படிக்கத் தெரியாதவர், இல்லாவிட்டால் காசு வாங்கியவர் என்று பேசி வந்தவன் நான். அன்று எனக்குப் படிக்கவும் தெரிந்தது, காசும் யாரும் தரவில்லை. ஆனாலும் கை தானாகப் பேப்பருக்குப் போயிற்று. போக வேறு இடம் இல்லாதவன் கை அப்படித்தான் போகும்.

பரிமளா பேப்பரை இழுத்துக்கொண்டார். "வேலூர் யூனிட்டுக்கும் விழுப்புரம் யூனிட்டுக்கும் இதே மெயில் போயிருக்கும் சார். ஒரு போன் போட்டுக் கேப்போம்."

போயிருந்தது. ஒவ்வொரு யூனிட்டும் தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்து வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருந்தது. மூன்று யூனிட்டும் சேர்ந்து ஒரே பதில் அனுப்பினோம்: சம்பளத்தைத் தொட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்.

டைரக்டர் மேடம் போன் செய்தார். "இது மிரட்டல் மாதிரி இருக்கே ஏழுமலை."

"நீங்க குடுத்த ட்ரெயினிங் புக்குல ஆறாவது பாடம்தான் மேடம். கடன் குடுத்தவங்க ஒண்ணா உக்காந்து பேசுறாங்க, வாங்குனவங்களத் தனித்தனியா கூப்புடறாங்க. வாங்குனவங்களும் ஒண்ணா வரணும்னு நீங்கதான் க்ளாஸ் எடுத்தீங்க."

போனில் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சம்பளம் இருக்கட்டும். டிஏ மட்டும் கிடையாது" என்றார்.

இருபது வருடம் அந்த ஆறாவது பாடத்தை மைக்கில் சொல்லியிருக்கிறேன். பக்கத்து யூனிட்டுக்கு ஒரு போன் போடத் தோன்றியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தனியாக உங்களைக் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டினால், அதே பேப்பர் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். எனக்கு டிஏ கடைசிவரை வரவில்லை. அடி அண்ணாமலைக்கு ஃபீல்டு விசிட் என்றால் டவுன் பஸ்ஸில் போனேன், என் சொந்தக் காசில்.