யாரும் நடக்காத 412 அடிகள்

இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த சமயம் அது. கிழமை வியாழன். இடம், கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் சாலை. நேரம் காலை ஏழு மணி பத்து நிமிடம். என் நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

அதற்கு நான்கு மாதம் முன்புதான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து, தினமும் நன்றாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'நன்றாக' என்றால் எவ்வளவு? அளவு இல்லாத எதையும் என்னால் செய்ய முடியாது. என் தவிப்பைக் கேள்விப்பட்டு, சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் ஊருக்கு வரும்போது ஒரு கைக்கடிகாரம் கொண்டு வந்தார். கட்டிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக் காட்டும். நாளைக்கு எட்டாயிரம் அடி என்று நானே முடிவு செய்து, நாட்குறிப்பில் அதற்கென்று தனிக் கட்டம் போட்டேன்.

ஆனால் கடிகாரம் ஒரே கணக்கைக் காட்டவில்லை. வீட்டிலிருந்து மார்க்கெட் வாசல் வரை வாயால் எண்ணிப் பார்த்தேன். நூறு அடிக்கு ஒரு புளியங்கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றினேன். சரியாக ஆயிரத்து நாற்பது. கடிகாரம் போகும்போது ஆயிரத்துச் சொச்சம் காட்டியது, வரும்போது இருநூறுகூடக் காட்டவில்லை. வார் தளர்வாக இருக்கிறதோ என்று ஊசியைக் காய்ச்சி ஒரு துளை கூடப் போட்டேன். பிறகு இன்னொன்று. ஆறாம் நாள்தான் விஷயம் புரிந்தது. திரும்பும்போது கடிகாரம் கட்டிய இடது கையில் காய்கறிப் பை இருந்தது. கடிகாரம் கால் நடப்பதை எண்ணவில்லை, கை ஆடுவதை எண்ணியது. பையைத் தூக்கிய கை ஆடவில்லை, அதனால் அடியும் விழவில்லை.

அன்றிலிருந்து நான் பை தூக்குவதை விட்டேன். வலது கையில் தூக்கினால் உடம்பு ஒருபக்கம் சாய்ந்து இடது கை வீச்சு குறைந்தது. அதனால் அந்தக் கையிலும் தூக்கவில்லை. என் மனைவி பின்னால் பையோடு வருவாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எல்லார் வூட்டுக்காரரும் கடைக்குப் போனா பை நெறைய வாங்கினு வருவாங்க. எங்க வூட்டுக்காரரு மட்டும் கைய வீசிக்கினு வருவாரு."

எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு முந்தைய நாள் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காகக் கச்சிராயபாளையம் போயிருந்தேன். விடிந்து பார்த்தால் பஸ் இல்லை. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். கள்ளக்குறிச்சி பதினைந்து கிலோமீட்டர். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, துணிப்பையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வண்டி ஓடாத சாலை எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கரும்புத் தோகைகள் உரசும் சத்தம் இரண்டு பக்கமும் கூடவே வந்தது. தார்ச்சாலையின் நடுவில் மைனாக்கள் நிதானமாக நடந்தன. எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, நான் கடந்ததும் திரும்ப நடுவுக்கு வந்தன. திரும்பிப் பார்த்தால் கல்வராயன் மலை, பனி கலையாமல், தரையிலிருந்து கொஞ்சம் மேலே நிற்பது போல இருந்தது. நான் நடக்கிறேனா, சாலை என்னைக் கொண்டுபோகிறதா என்று தெரியாத ஒரு நிலை. மணிக்கட்டில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. நான் அவளைத் தாண்டிப் போனேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல்.

"ஐயா, பாப்பாவச் செத்த நேரம் வாங்கிக்கிறீங்களா? கையி மரத்துப் போச்சுங்க."

நின்றேன். மலை ஊரிலிருந்து இருட்டோடு இறங்கி வருகிறாளாம். மூன்று நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல், நேற்றிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. கணவன் கேரளாவில் தோட்ட வேலையில் இருக்கிறான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று எழுதியதை மாற்றக்கூடாது. "மூட்டையை வேணும்னா என் தலையில வைம்மா. இந்தக் கை மட்டும் ஆடிக்கிட்டே இருக்கணும், வாட்ச்சு அடி எண்ணுது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கடிகாரத்தை உண்மையான ஆச்சரியத்தோடு குனிந்து பார்த்தாள்.

"கைய வீசிக்கினு போனாத்தான் எண்ணுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கு இம்மாந்தூரத்துக்கு ஒண்ணுகூட எண்ணியிருக்காது."

சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கடிகாரம் 6,214 காட்டியது. நான் அங்கேயே நின்றேன். என் மனைவி சொன்ன அதே வார்த்தை. இத்தனை நாள் கழித்து, ஒரு அந்நியப் பெண்ணின் வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்குக் கேட்டது.

ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. கடிகாரத்தின் விளிம்பு தொடையில் அழுத்தவே குழந்தை முனகியது. கழற்றினேன். கண்ணைத் திறந்து அதற்குக் கை நீட்டியது. கட்டிவிட்டேன், மணிக்கட்டில் நிற்கவில்லை. காலில் கட்டிப் பார்த்தேன். நான் ஊசி காய்ச்சிப் போட்ட கடைசித் துளையில் சரியாக நின்றது.

அதன்பிறகு கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நாங்கள் மாறி மாறித் தூக்கினோம். குழந்தை அவளிடம் போனால் மூட்டை என் தலைக்கு வரும். யார் தூக்கினாலும் குழந்தையின் கால் தொங்கி ஆடியது. கடிகாரம் எண்ணியது.

வழியில் ஐந்து இடங்களில் மரம். முதல் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர் எழுந்தார்கள்.

"இன்னா சார், எங்க நடந்துக்கினே?"

"ஆஸ்பத்திரிக்குப்பா. குழந்தைக்கு ஜுரம்."

"வண்டிக்குத்தான் தடை, பாப்பாவுக்கு இன்னா தடை? இப்படிக் குடுங்க." ஒருவர் வாங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் குழந்தையின் காலைப் பார்த்துவிட்டு, "கொலுசு கெடைக்கலன்னு வாட்ச்சு கட்டிட்டீங்களா சார்?" என்றார். அந்தப் பெண் காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். துணியை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டுத்தான் அனுப்பினார்கள். ஒவ்வொரு மரத்திலும் குழந்தை அப்படியே கைமாறிப் போனது.

மருத்துவமனையை அடைந்தபோது பன்னிரண்டே கால். உடனே உள்ளே கொண்டுபோய் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். "ராத்திரி போகட்டும், காலையிலதான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். குழந்தை அசையவில்லை. காலில் 20,486. அதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன். பழக்கம் அப்படி. கடிகாரத்தைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் முதலில் சொன்ன பதில் உட்பட. அவள் தன் சேலைகளில் இரண்டை எடுத்து மடித்து வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கஞ்சித் தூக்கு, பழம், இரண்டு சேலை என்று இரண்டு கையிலும் பையோடு நான் முன்னால் நடந்தேன். "இன்னிக்குக் கணக்குல ஒரு அடியும் வராதே" என்றாள் மனைவி, பின்னால் கைவீசி நடந்தபடி.

குழந்தை விழித்திருந்தது. தாயின் கண்கள் சிவந்து, முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"எனக்கு நம்பரு படிக்கத் தெரியாதுங்க" என்றாள். "ஆனா ராத்திரி பூரா அதையேதான் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் ஒரே மாதிரி நின்னுக்கினு இருந்துச்சு. விடியக்காலைல பாக்கறேன், கடைசி எழுத்து மாறுது. அப்புறம் மாறிக்கினே இருக்குது. பாப்பா கால ஒதைக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். 20,898. நான் பார்க்கும்போதே குழந்தை ஒருமுறை உதைத்தது. 20,899.

சீட்டை எடுத்துக் கழித்தேன். அந்தக் கடைசி உதையைத் தள்ளி, நானூற்றுப் பன்னிரண்டு. அன்றைய கட்டத்தில் அதை மட்டும் எழுதினேன். எட்டாயிரம் ஆகாத நாளுக்குச் சிவப்பு மையில் எழுதுவது என் வழக்கம். அன்று நீல மையில்தான் எழுதினேன்.

கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. நாட்குறிப்புகள் எல்லாம் வரிசையாக அலமாரியில் இருக்கின்றன. கையை வீசிக்கொண்டு நான் நடந்த லட்சக்கணக்கான அடிகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. யாருமே நடக்காத அந்த நானூற்றுப் பன்னிரண்டு மட்டும், கடைக்குப் போய்ப் பையோடு திரும்பும் ஒவ்வொரு நாளும் என் கூடவே வீடு வரை வருகிறது.