அடுத்தடுத்த எண்கள்

அலுவலகத்தின் மின்னஞ்சல்களையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் வைக்க ஒரு சர்வர் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்று போனாலும் மற்றொன்றில் எல்லாம் இருக்கட்டும் என்று இரண்டு ஹார்ட் டிஸ்க் கேட்டேன். திருநெல்வேலி ஜங்ஷன் கடைக்கார அண்ணாச்சி வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்துத் தந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. குத்துவிளக்கு வாங்குகிறவனைப்போல் சோடி தேடி, அடுத்தடுத்த வரிசை எண் உள்ள இரண்டை எடுத்தேன்.

"ஒரே பெட்டில உள்ளது எதுக்கு வே? வேற வேற எடுத்தா நல்லதுல்லா," என்றார். என் புத்தியில் ஏறவில்லை.

நான்காம் வருடம் ஒரு காலையில், டிக் டிக் என்று தட்டிவிட்டு ஒரு டிஸ்க் நின்றுபோனது. புதியதைச் செருகினேன். மிச்சமிருந்த டிஸ்க்கிலிருந்து அத்தனையும் அதில் ஏற, சாயங்காலம் ஆகும் என்று திரை காட்டியது. வேறு நகல் எடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

செத்ததைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருப்பது இதற்கு அடுத்த எண். ஒரே ஆலை, ஒரே நாள், ஒரே வயது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "அதான் இன்னொண்ணு ஓடுதுல்லா. பெறகென்ன பயம்?"

"ஓடுது சார்," என்றேன்.

அவர் போனதும் சர்வர் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே பைய ஒரு சத்தம். டிக் டிக்.