மொய்ப் பணத்தில் மாற்றிய பெல்ட்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தது நான்கே பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், மெக்கானிக். பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் யாரும் அங்கே இல்லை. எல்லாம் மச்சான் போய்ச் சொன்னதுதான். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

மச்சான் மொய் விருந்துப் பத்திரிகை அடிக்கப் புதுக்கோட்டைக்கு வந்திருந்தார். கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் பிறந்தால் விருந்துதான். கறிச்சோறு போடுவார்கள், சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். நம் விருந்தில் ஒருவர் எழுதியதை அவர் விருந்தில் நாம் திருப்ப வேண்டும், மேலே கொஞ்சம் சேர்த்தும் வைக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் மச்சான் எனக்கு எழுதியது இருபத்தைந்தாயிரம். மேலே ஐந்து சேர்த்து முப்பதாயிரம் தயாராக வைத்திருந்தேன். என் மனைவிக்கு அந்தப் பணத்தைப் பார்த்தாலே முகம் மலரும், பிறந்த வீட்டில் தலை நிமிர்ந்து உட்காரலாமே என்று.

என் தொழில் துணி வியாபாரம். எட்டாவதோடு நின்றவனுக்கு அது போதும். பழைய டீசல் காரின் பின் சீட்டை மடக்கி, நைட்டி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் வரைக்கும் ஊர் ஊராகப் போவேன். மனைவியின் செயினை அடகு வைத்து வாங்கிய வண்டி அது. இன்ஜின் போனால் தொழில் போகும், தொழில் போனால் செயின் வராது. இதை நினைத்து நினைத்தே ரேடியோகூடப் போடாமல் வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறவன் நான்.

ஆயில் மாற்றத்தான் பட்டறைக்குப் போனோம். இன்ஜினுக்குள் ஓடுகிற ரப்பர் வார், அந்த டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று வாய் தவறிக் கேட்டேன். மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார். நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, இன்னும் எவ்வளவோ ஓடலாம் என்றார். அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், இன்ஜினைப் பாதி மாற்ற வேண்டிவரும் என்றார். முன்கூட்டிச் சத்தம் கொடுக்குமா என்றேன். பெரும்பாலும் கொடுக்காது என்றார்.

பத்து வருடத்து வண்டி அது, எனக்கு முன் சிங்கப்பூரில் இருந்த ஒருவருடையது. அவர் லீவில் வரும்போது மட்டும் ஓடும், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். கம்மியாக ஓடிய வண்டி என்றுதான் எல்லாரும் அடித்துப் பிடித்து வாங்குவோம், நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கிய மாதமே நான்கு டயரும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்ததைப் பார்த்தேன். தரையில் படுகிற பட்டன் தேயவே இல்லை. நின்றபடியே காய்ந்த ரப்பர். வெளியே இருக்கிற ரப்பருக்கு அந்தக் கதி என்றால் உள்ளே இருக்கிற பெல்ட் மட்டும் பத்து வருடமாகப் புதுசாகவா இருக்கும்?

இதைத்தான் மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"கம்பெனிக் கணக்குல வருசமும் உண்டுண்ணே. கிலோமீட்டர், வருசம், எது முந்துதோ அதுல மாத்தணும். இங்கிட்டு வருசத்த யாரும் பாக்குறதில்ல."

பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் என்றார். என்னிடம் அப்போது இருந்தது மொய்ப் பணம் ஒன்றுதான். மாற்றிவிடுங்கள் என்றேன்.

மச்சான் சிரித்தார். "ஓடுற இன்ஜினப் பிரிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன். மாப்ள, நீ கதவப் பூட்டிட்டு நாலு தரம் இழுத்துப் பாக்குற ஆளு. ஒனக்குப் பெல்ட்டு கெடச்சிருச்சு, இனி அத இழுத்துப் பாரு."

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, எங்க அண்ணன் மொய்யில கை வச்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பந்தியில ஒக்காருவேன்?"

"மொய்ய அடுத்த மாசம் குடுக்கலாம். இன்ஜின அடுத்த மாசம் வாங்க முடியுமா? ஒன் செயினும் அதுலதான் இருக்கு."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் கழற்றிய பெல்ட்டை மெக்கானிக் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். பல்லின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் மயிரிழை மாதிரிக் கோடு. இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கலாம், நாளைக்கே போயிருக்கவும் கூடும் என்றார். மச்சானுக்குப் போனில் சொன்னேன். முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. ஊரெல்லாம் பரவியதும் அந்தப் பாதிதான். பரவட்டும். இன்ஜின் மூடியில் கிலோமீட்டரோடு மாதத்தையும் வருடத்தையும் எழுதச் சொல்லி, நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

விருந்துக்கு அதே வண்டியில் போனோம். பந்தலுக்கு நேர் எதிரே நிறுத்தினேன். கூசாமல் இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டேன். மொய் மேசையில் இருந்தவர் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வர வேண்டுமே என்று மெதுவாகக் கேட்டார். பதினாறு என்று எழுதுங்கள் என்றேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

பக்கத்தில் நின்ற மச்சான் விடவில்லை. "மிச்சத்துக்குப் பழைய பெல்ட்ட எழுதிக்கிறவா மாப்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "எழுதிக்கண்ணே. புதுசு வண்டியில ஓடுது. அது எங்களுக்கு வேணும்."

சொல்லிவிட்டு நேரே போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள், முதல் வரிசையில்.

சாயங்காலம் வாடகை அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வேன் வரவில்லை. மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். பின் சீட்டை மடக்கி ஏற்றிக்கொண்டேன், அவர் முன்னால் உட்கார்ந்தார். வழி நெடுக அவர் பெல்ட்டைப் பற்றிப் பேசவில்லை. நானும் மொய்யைப் பற்றிப் பேசவில்லை. பாக்கி ஒன்பதாயிரம் ரூபாய்.