கால் வலிக்கு ஒரு கீரை

காலையில் கம்பெனி வேன் எங்கள் தெருவுக்கு வரும்போது நான் கக்கூஸில்தான் இருப்பேன். டிரைவர் விடாமல் ஹாரன் அடிப்பார். நான் எங்கே இருக்கிறேன் என்று வேனில் எல்லோருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு ஏறுவேன். அடுத்த தெருக்காரி சும்மா இருக்கமாட்டாள்.

"என்னக்கா, உள்ளயே பாய விரிச்சுட்டீகளா?"

வேன் சிரிக்கும்.

பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் வேலை; தட்டுக் கணக்கில்தான் கூலி. கையெல்லாம் வெள்ளிப் பவுடர் ஏறிவிடும். ஒருமுறை ஒதுங்கப் போகவேண்டும் என்றால் முதலில் கையைத் தேய்த்துக் கழுவவேண்டும். திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் ஒரு தட்டு முடித்திருப்பார்கள். அதனால் தண்ணீரைக் குறைத்தேன். கீரையும் பயறும் வயிற்றை இளக்கும் என்று அவற்றையும் விட்டேன். மதியம் வெள்ளைச் சோறும் ரசமும் அப்பளமும். சாயங்காலம் பசி தாங்காது, பரோட்டா. வயிறு கல்லாகிப் போனது. பிறகு ரத்தம் வந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்தும், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டிலும் கம்பெனியிலும் கால் வலி என்று சொல்லிவிட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன்.

டாக்டரம்மா என் மகள் வயதுப் பெண். திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். எனக்கு உடம்பே கூசியது.

"பயப்படாதீங்க, மலம் இறுகினதால வந்த புண்ணுதான். காய், கீரை சாப்பிடுறதில்லையா?"

வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அதிலிருந்து தூக்குவாளியில் கீரையும் சுண்டலும் கொண்டுபோனேன். தண்ணீரும் குடித்தேன். கொஞ்ச நாளில் புண் ஆறியது. வேனுக்கு முன்பே தெருவில் வந்து நின்றேன்.

ஒருநாள் மதியம் அடுத்த தெருக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கால் வலின்னு போனீகளே, ஆஸ்பத்திரில என்னக்கா சொன்னாக?" குரல் தணிந்திருந்தது.

"கால் வலிதான். இந்தக் கீரை நல்லதாம்."

அவள் தட்டில் பாதியை வைத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே தின்றாள்.

மறுநாள் காலையில் நான் தெருவில் நின்றுகொண்டிருக்க, அடுத்த தெருவில் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. வேன் வந்தது. ஏறினேன். அவள் தலை குனிந்திருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் வருகிறதா என்று கேட்கத்தான் நினைத்தேன்.

"கால் வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"அம்புட்டும் வலிக்குக்கா," என்றாள்.