ரூபாய் விழ ஒரு ஜெபம்

போன வாரம் கிராம நிர்வாக அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்காகக் காத்திருந்தேன். கருங்கல் பக்கம் இருக்கிற எங்கள் வீடு அம்மா பெயரில் இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் இனி என் பெயருக்கு மாற்ற வேண்டும். மின்விசிறி சுற்றியும் காற்று வராத அறை. பக்கத்தில் ஒருவர் நேந்திரங்காய் வற்றல் கொறித்துக்கொண்டிருந்தார். கைப்பைக்குள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால், ஓமான் ரியாலுக்கு இதுவரை இல்லாத ரேட்டு. ரூபாய் மறுபடியும் விழுந்திருக்கிறது. என் முகம் தானாக மலர்ந்துவிட்டது.

"என்ன, ஏதும் நல்ல சேதியா?" என்று வற்றல்காரர் கேட்டார்.

"ஆமா, ரூபாய் விழுந்துட்டு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பொட்டலத்தை மடித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் ஊருக்குத் திரும்பி வந்து வருடங்கள் ஆகிவிட்டன. நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. சம்பளம் ரூபாயில் வருகிறது, சமையல் எண்ணெய்க்கு ரூபாயில் போகிறது. ரூபாய் விழுந்தால் உங்களுக்கு என்ன நஷ்டமோ அதே நஷ்டம்தான் எனக்கும். ஆனால் ரேட்டு சொல்லும் அந்த ஆப்பை மட்டும் போனிலிருந்து அழிக்க மனசு வரவில்லை. அது சிணுங்கினால் இன்றைக்கும் ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டு, அப்புறம்தான் வெங்காய விலை ஞாபகம் வருகிறது.

வற்றல்காரர் எழுந்து போனாலும் எண்ணெய் வாசனை அங்கேயே நின்றது. எனக்கு எந்த எண்ணெய் வாசனையும் கடைசியில் அம்மாவின் சேலையில்தான் போய் முடியும். அம்மா அண்டி ஆபீசில் வேலை பார்த்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடியால் தட்டித் தட்டிக் கொட்டை உடைக்க வேண்டும். அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அப்பா என் சிறுவயதிலேயே இறந்துபோனார். அந்த விரல்களால்தான் அம்மா என்னை எக்ஸ்ரே டெக்னீசியன் படிப்பு படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் மஸ்கட்டில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது.

கல்ஃபுக்குப் போகிற பெண்ணின் பணம் வீட்டில் இருக்கிற ஆணின் கணக்குக்குப் போவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் ஆண் இல்லை. அதனால் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அந்தப் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுக்கொண்டார். அம்மாவின் செலவுக்கு மாதம் கொஞ்சம் கொடுத்து, மீதியைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். முதல் லீவில் வந்து பார்த்தபோது பெரியப்பா வீட்டைச் சுற்றிப் புதிய காம்பவுண்டு சுவர் நின்றது. மேலே கண்ணாடிச் சில்லெல்லாம் பதித்து, யாரும் ஏறித் தாண்ட முடியாதபடி.

"குடும்பத்துக்க மானம் மக்கா இது" என்று சுவரைத் தட்டிக் காட்டினார்.

நானும் தட்டிப் பார்த்தேன். நல்ல உறுதி. எந்த மாதச் சம்பளம் எந்தத் தூண் என்றுதான் தெரியவில்லை. மறுநாள் டவுன் பஸ் பிடித்துத் தக்கலைக்குப் போய், வங்கியில் என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். நான் இல்லாதபோது அவசரத்துக்கு வேண்டும் என்று சில செக்குகளில் கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அவற்றைப் பைபிளுக்குள் வைத்தாள்.

"பொம்பளப் பிள்ள அவளுக்கு அவளே பைசா அனுப்புகாளாம். நல்லாருக்கு கத" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மஸ்கட்டில் ரூவி கடைத்தெருவில் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் ஒன்று இருந்தது. கவுண்டரில் திருச்சூர்க்காரப் பையன். என் பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தான்.

"பணம் ஆர்க்கா சேச்சி?"

"எனக்கு."

"அயக்குந்நது?" அனுப்புவது யார் என்று கேட்டான்.

"அதுவும் நான்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் உறவு என்ற இடத்தில் மனைவி, அப்பா, அண்ணன் என்று சொல்லுகிறவர்கள். அவர்களும் எட்டிப் பார்த்தார்கள். என் கார்டில் 'செல்ஃப்' என்று விழுந்தது. கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன், பொய் சொல்வானேன்.

அந்த வரிசையில் நின்றவர்களுக்கு ஊர்ச் சேதியைவிட ரேட்டுச் சேதி முக்கியம். ரூபாய் விழுந்தால் அதே ரியாலுக்கு ஊரில் கூடுதல் ரூபாய் கிடைக்கும். நாட்டுக்கு அது கெட்ட காலம், எங்களுக்கு அது ஓணம். எங்கள் விடுதியில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. என்னோடு தங்கியிருந்த குளச்சல் ஸ்டெல்லா அக்காவுக்கு எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே அத்தர் கடையில் வேலை. கல்லாவில் இருந்தபடியே கண்ணாடி வழியாக ரேட்டு போர்டைப் பார்க்கலாம். ஒரு மிஸ்டு கால் வந்தால், பொறு. அடுத்தடுத்து இரண்டு வந்தால், ஓடி வா. யாரும் போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் அக்காவுக்குக் காசு போய்விடும், அப்புறம் அன்றைக்கு ராத்திரி மீன்குழம்பு நமக்குக் கிடையாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டு விஷயம் வந்தது. நாங்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் செல்லத்துரை அண்ணாச்சி, அய்யாவழிக்காரர், சாமிதோப்பு அய்யாவைக் கும்பிடுகிறவர், நெற்றியில் நாமம் இல்லாமல் வாசல் தாண்டாதவர். சென்னையில் மகனோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்றுவிட முடிவு செய்தார். எங்களுக்கே தருவதாகச் சொல்லி, மாசி மாதம் நடுவில் பத்திரப்பதிவுக்கு நாளும் குறித்துவிட்டார். ஊர்க் கணக்கில் இருந்தது, மஸ்கட்டில் சீட்டு எடுத்த ரியால் எல்லாம் சேர்த்தாலும் அன்றைய ரேட்டுக்குக் கொஞ்சம் இடித்தது. ரியாலுக்கு மூன்று நான்கு ரூபாய் கூடினால் சரியாகிவிடும். கூடாவிட்டால் பெரியப்பாவிடம் போக வேண்டும். அவர் என்ன கேட்பார் என்பது எங்களுக்குத் தெரியும். பத்திரத்தில் அவர் பெயர் ஏறும், நாங்கள் அவருக்கு வாடகைக்காரர் ஆவோம்.

அம்மா ஜெபிக்க ஆரம்பித்தாள். அம்மா ஜெபித்தால் தெருவுக்கே கேட்கும். ஒருநாள் போனில் கூப்பிட்டபோது ஜெபத்தின் நடுவில் எடுத்துவிட்டு, என்னையும் காத்திருக்க வைத்தாள். "கர்த்தாவே, ரூபாயை இன்னும் கொஞ்சம் தாழ்த்தும். ரியாலை உயர்த்தும்."

"அம்மா, ரூபாய் விழுந்தா பெட்ரோல் விலை ஏறும். நாட்டுக்கு நஷ்டம். இப்படியா ஜெபிப்பாவ?"

"நாடு பெருசு மக்கா, அது தாங்கிக்கிடும். நமக்கு ஒரு வீடுதானே."

ஜெபம் கேட்கப்பட்டதா என்னவோ, ரேட்டு ஏறத் தொடங்கியது. ஸ்டெல்லா அக்கா இரண்டு தடவை அடித்தாள். எண்ணிப் பார்த்தேன், வீட்டு விலைக்குச் சரியாக வந்தது. பத்திரச் செலவுக்கும் சேர்த்து வரட்டுமே, நாளைக்கும் ஏறும் என்று இருந்துவிட்டேன். ஆசை யாரை விட்டது? மறுநாள் விலா எலும்பு உடைந்த ஒரு மேஸ்திரியைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் லாக்கரில். வெளியே வந்து பார்த்தால் இரண்டிரண்டாக அத்தனை மிஸ்டு கால். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். மத்தியான இடைவேளைக்கு எக்ஸ்சேஞ்ச் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். சாயங்காலம் திறந்தபோது போர்டில் ரேட்டு பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது.

"ஏட்டி, உனக்கு என்ன வந்துட்டு? விரலு தேய அடிச்சேனே" என்றாள் அக்கா. நான் அத்தர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவள் ஒரு பாட்டிலைத் திறந்து என் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது அத்தர் பூசிக்கொண்டு பக்கத்தில் வந்தால் நான் இடம் மாறி உட்கார்ந்துவிடுவேன்.

ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, பைசா திகையாது. பெரியப்பாட்ட கேட்டிருவோம்."

"நீ வெப்ராளப்படாத பிள்ளே. போன வை. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

கேட்கப் போகுமுன் பெரியப்பாவே மோப்பம் பிடித்து வந்துவிட்டார். நடந்ததை அம்மா பிறகு எனக்குச் சொன்னாள். மீதியைத் தான் போடுவதாகவும், பத்திரம் தன் பேரில் இருந்தால்தான் பொம்பளைகளுக்குப் பாதுகாப்பு என்றும் சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் அம்மா உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கும் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறாள்.

"வேண்டாம் அத்தான். பைசா வரும். எனக்க மவ அவளுக்கு அவளே அனுப்புவா."

மறுநாள் விடிந்ததும் அண்டி ஆபீசுக்குப் போகிற வழியில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற என் அம்மா அங்கே போய் என்ன சொன்னாள் தெரியுமா?

"அண்ணாச்சி, அய்யாவுக்க அவதாரத் திருநாளு வருகுல்லா. திருநாளுக்கு முன்ன வீட்ட வித்துட்டாருன்னு ஒரு பேச்சு உங்களுக்கு என்னத்துக்கு? சாமிதோப்புக்குப் போயி கும்பிட்டுட்டு வாருங்க. அது கழிஞ்சு வச்சுக்கிடலாம்."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டதாம். "எனக்கே ஓர்ம இல்லாம போச்சே மக்கா. நீ சொல்லுததுதான் சரி" என்று நாளை மாற்றிவிட்டார். வேறொருவர் விலை கூட்டிக் கேட்டு வந்தபோதும், திருநாள் கழியட்டும் என்று அனுப்பிவிட்டாராம். பணம் திகையாது என்ற ஒரு வார்த்தை அம்மா சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவர் மனசும் நிறைந்தது, எங்களுக்கு நாளும் கிடைத்தது. எத்தனையோ படித்த நிர்வாகிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பேரம் நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் போனை வரவேற்பில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் கொடுத்து, அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் எக்ஸ்ரே அறைக் கதவைத் தட்டு என்று சொல்லிவைத்தேன். அங்கே திருநாள் ஊர்வலம் சாமிதோப்பு போய்ச் சேர்ந்த அடுத்த நாள், இங்கே கதவு தட்டப்பட்டது. ரூபாய் நன்றாகவே விழுந்திருந்தது. இனி ஆசைப்பட மாட்டேன் என்று ஓடிப்போய் வரிசையில் நின்றேன். "இன்னு நல்ல ரேட்டாணு சேச்சி" என்றான் திருச்சூர்ப் பையன். உறவு என்ன என்று கேட்கக்கூட இல்லை, அவனே எழுதிக்கொண்டான். எதிர்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

நான் ஊரில் இல்லாததால், பைபிளுக்குள் இருந்த செக்கைக் கொடுத்து அம்மா பேரிலேயே பத்திரம் முடிந்தது. கையெழுத்துப் போட்டு, கறுத்த பெருவிரலால் ரேகையும் வைத்தாள். செலவெல்லாம் போக மிச்சத்தில் என்ன வாங்கலாம் என்று கேட்டேன். கேட் வேண்டும் என்றாள். சுவர் வேண்டாம், கேட் போதும். சுற்றிலும் சுவரோ வேலியோ இல்லாமல், பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு கேட் மட்டும் முற்றத்து முன்னால் தனியாக நின்றது. தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். பால்காரர், தபால்காரர் எல்லாரும் பக்கவாட்டில் நடந்து வருவார்கள். அம்மா ஒருநாளும் அப்படி வந்ததில்லை. அண்டி ஆபீசிலிருந்து எவ்வளவு களைத்து வந்தாலும் கேட்டைத் திறந்து, உள்ளே வந்து, திரும்ப நின்று கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவாள்.

இப்போது அம்மா வேலை பார்த்த அண்டி ஆபீஸ் மூடிக் கிடக்கிறது. மிஸ்டு கால் கொடுக்கிறவர் யாரும் இல்லை, போனில் பேசுவதற்குத்தான் இப்போது தனிக் காசே கிடையாதே. ஸ்டெல்லா அக்கா குளச்சலில் பேரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பணம் அனுப்ப இன்றைய பிள்ளைகள் வரிசையில் நிற்பதில்லை, படுத்த படுக்கையிலேயே விரலால் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த வரிசை கொஞ்சம் பிடிக்கும். அதில் நின்றுதான் நான் நிமிர்ந்தேன்.

வரிசை என்றதும் நினைவு வருகிறது, கிராம அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். விண்ணப்பத்தில் ஓர் இடத்தை விட்டிருக்கிறேன் என்று உதவியாளர் பெண் திருப்பித் தந்தாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? வருடக்கணக்காக உறவு என்ற இடத்தில் 'செல்ஃப்' என்று சொல்லியே பழகிவிட்டேன். அந்த இடத்தைப் பார்த்ததும் அதையே எழுதப் போய், பேனா நின்றது. பிறகு 'மகள்' என்று எழுதினேன். தாள் கிழியாத குறையாக அழுத்தி எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கேட்டைத் திறந்து, கொண்டியைப் போட்டேன். பைக்குள் போன் மறுபடியும் சிணுங்கியது. ரூபாய் இன்னும் கொஞ்சம் விழுந்திருந்தது. இப்போதெல்லாம் அது யாரும் ஜெபிக்காமலேயே விழுகிறது.