செல்வி வீட்டு உப்பு

கிராம நர்ஸ் வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. வீடு வீடாக ஏறி இறங்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

இஞ்சு டேப்பு

மானாம்பதி பக்கம், ஏரியோரத்து இருளர் குடியிருப்பு. செல்விக்கு ஆறாம் மாதம். முதல் குழந்தை எடை குறைவாகப் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது. இந்தத் தடவையும் டேப்பு வைத்து வயிற்றை அளந்தால், மாதத்துக்கேற்ற வளர்ச்சி இல்லை. என் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், "ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையாடி?" என்று கத்தினேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "சின்னதா இருந்தா இன்னா நர்சம்மா, உசுரோட இருந்தா போதும்."

கழுத்து

அப்போதுதான் அவள் கழுத்தைக் கவனித்தேன். முன்பக்கம் லேசான வீக்கம். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் பார்த்த டாக்டர், "அயோடின் பத்தலை, அதான் பிள்ளை வளர்ச்சியும் மந்தம்" என்று மாத்திரை எழுதினார். வீட்டில் அயோடின் உப்புதான் போடணும் என்றும் சொன்னார். கூட வந்திருந்த அவள் புருஷன் கன்னியப்பன் முகம் செத்துப்போச்சு. "எலும்பா வந்தவளுக்கு இப்பதான் கழுத்து ரொம்பிக்கினு வருதுன்னு சந்தோசமா இருந்தேனேம்மா, அது நோவா?"

சொட்டு

அந்த வீட்டில் எப்போதும் அயோடின் சேர்க்காத கல்லுப்புதான். அயோடின் உப்பு ரெண்டு பாக்கெட் வாங்கிப் போய் மாமியார் முனியம்மாவிடம் கொடுத்து, "இது வயித்துப் புள்ளைக்கு" என்றேன். ரெண்டு வாரம் கழித்துப் போய் ஜாடி உப்பில் சோதனைச் சொட்டு விட்டேன். அயோடின் இருந்தால் நீலமாக மாறணும். அது வெள்ளை வெளேரென்று என்னையே பார்த்தது.

வந்ததே கோபம்! "எனக்கு வேற பொழப்பில்லையா? பாக்கெட்டை வித்துட்டீங்களா?" என்று குதித்தேன். முனியம்மா ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். குழந்தைக்கென்று துவைத்து மடித்த துணிகளுக்கு நடுவில், பிரிக்காத ரெண்டு பாக்கெட். "புள்ளைக்குன்னு சொன்னீங்களே, அது பொறந்து தின்னட்டும்னு நாங்க யாரும் தொடலம்மா."

தராசு

அழுதுவிட்டேன், மறைப்பானேன். பிறகு பாக்கெட்டை நானே பிரித்து, தாய் சாப்பிட்டால்தான் பிள்ளைக்குப் போகும் என்று குழம்பில் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து மாத்திரையோடு அந்த உப்பும், தினம் முட்டையும். ஒவ்வொரு வாரமும் போய் டேப்பு வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அளவு ஏறியது.

பத்தாம் மாதம் பெண் குழந்தை. தராசில் வைத்தேன்: ரெண்டு கிலோ அறுநூறு. வீல் வீலென்று அழுகை வேறு. தூக்கப் போன என் கையைச் செல்வி பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீங்க நர்சம்மா, இன்னும் கொஞ்ச நேரம் அதுலயே கெடக்கட்டும், அவுரு வந்து பாக்கணும் எம்மாங்கனம் கீதுன்னு."

சொன்னால் கேட்கவே மாட்டார்கள் என்று இத்தனை வருஷமாக ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன்; நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் கேட்டவர்களால்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பது வெளியே வந்தது.